ரோன் 95ஆ 97ஆ? உங்க காடிக்கு எது வேணும்னு நீங்களே பார்த்துக்கிற வழி

மலேசியாவுல தாப்பா, பீடோர் பக்கம் தோட்டத்துல இருந்து டவுனுக்கு வந்து எண்ணெ (பெட்ரோல்) அடிக்கிற நிறைய பேருக்கு மனசுல ஒரு நெனப்பு இருக்கு. பம்புல மஞ்சள் பிடியில வர்ற ரோன் 95 சாதா எண்ணெ, ரோன் 97 தான் ஒசத்தி, கையில காசு இருந்தா 97 அடிக்கிறதுதான் காடிக்கு நல்லதுன்னு. தீபாவளிக்கு ஊருக்குப் போறதுக்கு முந்தின நாளு, புது காடி எடுத்த முதல் மாசம், பத்துமலைக்குக் கெளம்புறப்ப, இப்படி எல்லாம் ஆசையா 97 ஊத்துறாங்க. ஆசைப்படுறது தப்பில்ல, ஆனா அந்தக் காசு காடிக்கு ஒண்ணும் செய்யலன்னா அது வீணாப் போன காசுதானே. தோட்டத்துச் சம்பளத்துலயும் லோரி ஓட்டுற சம்பளத்துலயும் குடும்பம் நடத்துறவங்க காசு இப்படிப் போறது எனக்கு ரொம்ப மனசு கஷ்டமா இருக்கு, அதனாலதான் கொஞ்சம் விளக்கமாவே எழுதுறேன்.

நேரா சொல்லிடுறேன், மைவி, ஆக்சியா, பெஸ்ஸா, சாகா மாதிரி நம்ம ஊர்ல ஓடுற காடிங்கள்ல பெரும்பாலானதுக்கு 95 போதும். போதும்னா சமாளிச்சுக்கலாம்ங்கிற அர்த்தத்துல இல்ல, அந்த எஞ்சினுக்குத் தேவையானது முழுசா அதுலயே கெடைக்குது. உங்க காடி அதுல சேருமா சேராதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, அதுதான் விஷயம்.

முதல்ல அந்த நம்பர் என்னன்னு புரிஞ்சுக்கணும். 95, 97ங்கிறது மார்க்கு இல்ல, சுத்தத்தோட அளவும் இல்ல, சக்தியோட அளவும் இல்ல. ஐசோ ஆக்டேன்னு ஒரு பொருள் இருக்கு, அதுக்கு 100, ஹெப்டேன்னு இன்னொண்ணு, அதுக்கு 0. லேப்ல ஒத்த சிலிண்டர் டெஸ்ட் எஞ்சின் ஒண்ணுல பெட்ரோல ஓட்டிப் பாப்பாங்க, நிமிஷத்துக்கு 600 சுத்துல, கம்ப்ரெஷன, அதாவது உள்ள கலவைய அமுக்குற அளவ, ஏத்தி எறக்கி. 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தா எந்த அளவுக்கு அழுத்தத்தத் தாங்குமோ அதே அளவு தாங்குனா அது ரோன் 95. அவ்வளவுதான். தானா பத்திக்காம எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு தாங்கும்ங்கிற நம்பர் அது, ஆக்டேன் நம்பர்னு சொல்றது இதத்தான்.

ஏன் தாங்கணும்? எஞ்சினுக்குள்ள பிஸ்டன் மேல வர்றப்ப காத்தும் எண்ணெயும் கலந்தது நல்லா அமுங்கி சூடாகுது, அப்ப பிளக் நெருப்பு விடுது, அந்த நெருப்பு ஒரு பக்கத்துல இருந்து சீரா பரவி பிஸ்டனக் கீழ தள்ளணும். ஆனா நெருப்பு இன்னும் வந்து சேராத மூலையில இருக்கிற கலவை சூடு தாங்காம தானாவே வெடிச்சிருச்சுன்னா அதுதான் நாக்கிங். சீரா தள்ள வேண்டிய எடத்துல சுத்தியலால அடிச்ச மாதிரி. தொடர்ந்து பலமா நடந்தா பிஸ்டன், கேஸ்கெட்டு எல்லாம் கெட்டுப்போகும். ஆக்டேன் நம்பர் கூடுனா இந்த வெடிப்பு வர்றது கஷ்டம். உங்க எஞ்சினுக்கு 95லயே நாக்கிங் வரலன்னா, 97 ஊத்துறதால தடுக்க வேண்டியது அங்க ஒண்ணுமே இல்ல. ஒரு லிட்டர் 95லயும் ஒரு லிட்டர் 97லயும் இருக்கிற சக்தி ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால சும்மா மாத்தி ஊத்துனதால மட்டும் காடி பறக்காது.

சரி, இப்ப செய்ய வேண்டியத செய்வோம். காடிய நிறுத்தி எண்ணெ மூடியத் தொறங்க, வெளிக்கதவோட உள்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நம்ம பக்கம் செம்மண் தூசி அப்பி எழுத்தே தெரியாம கெடக்கும், ஈரத்துணியால மெதுவா தொடைங்க, நகத்தால சொரண்டாதீங்க, எழுத்தோட வந்துரும். சிலதுல டயர் காத்து அளவுதான் போட்டிருக்கும், சிலதுல எண்ணெ விஷயமும் போட்டிருக்கும், ரோன்னு போட்டு பக்கத்துல ஒரு நம்பர். ஸ்டிக்கர் இல்ல, கிழிஞ்சு போச்சுன்னா டேஷ்போர்டு டப்பாக்குள்ள இருக்கிற கையேட்ட எடுங்க, கடைசிப் பக்கங்கள்ல ஸ்பெசிஃபிகேஷன்னு வர்ற எடத்துல எண்ணெ வகைன்னு ஒரு வரி இருக்கும். செகண்ட்ஹேண்ட்ல வாங்குனதுல கையேடு இருக்காது, அப்ப கம்பெனி வெப்சைட்ல உங்க மாடல், வருஷம் போட்டுத் தேடுங்க, பல கம்பெனி சும்மாவே டவுன்லோட் பண்ண விடுது. வாட்சப்புல வர்றதயோ எண்ணெ ஸ்டேஷன்ல பக்கத்துல நிக்கிற அண்ணன் சொல்றதயோ வச்சு முடிவு பண்ணாதீங்க, அவரு காடி வேற உங்க காடி வேற.

அந்த வரியப் படிக்கிறப்ப ஒரு விஷயத்துல கண்ணு வைங்க. குறைஞ்சது இவ்வளவுன்னு சொல்றானா, இல்ல இது இருந்தா நல்லதுன்னு சொல்றானா? ரெண்டும் வேற வேற. குறைஞ்சது 91ன்னோ 95ன்னோ இருந்தா கண்ண மூடிக்கிட்டு 95 அடிங்க, பேச்சே இல்ல. குறைஞ்சது 95, ஆனா 97, 98 இருந்தா நல்லதுன்னு போட்டிருந்தா 95 அடிச்சா எஞ்சின் கெடாது, ஆனா பெடல நல்லா மிதிக்கிறப்ப, மலை ஏத்தத்துல, அதோட முழு இழுவை கொஞ்சம் கொறையும். ஏன்னா இப்ப வர்ற எஞ்சின்ல நாக் சென்சர்னு ஒண்ணு இருக்கு, நாக்கிங் லேசா ஆரம்பிச்ச உடனே அது உணர்ந்து எஞ்சினக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்லும், ஈசியூ பிளக் நெருப்ப கொஞ்சம் தாமதமா விடும், வெடிப்பு நின்னுரும், பதிலுக்கு கொஞ்சம் பவர் போகும். டவுனுக்குள்ள மெதுவா ஓட்டுற ஆளுக்கு அது தெரியவே தெரியாது. மூணாவது வகை, குறைஞ்சதே 97, 98ன்னு போட்டிருக்கிற காடி, ஜெர்மன் காடியில வேகத்துக்குன்னே செஞ்ச மாடல்கள், சில ஸ்போர்ட்ஸ் காடிங்க. அதுக்கு 97க்குக் கொறைய அடிக்காதீங்க, அங்க காசு மிச்சம் பண்ணப் பாத்தா பின்னால எஞ்சின்ல செலவு வரும். அந்த மாதிரி காடி வாங்குறதுக்கு முன்னாலயே மாசா மாசம் 97 அடிக்க நம்மளால முடியுமான்னு கணக்குப் போட்டுப் பாத்துட்டு வாங்குறது நல்லது.

ஜப்பான்ல ஓடிட்டு இங்க வர்ற ரிக்கன் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொரு குழப்பம், ஸ்டிக்கர் முழுக்க ஜப்பான் எழுத்தா இருக்கும். ஃபோன் கேமராவ வச்சு மொழிபெயர்த்துப் பாருங்க, ரெகுலரா ஹை ஆக்டேனான்னு தெரிஞ்சுரும். ஜப்பான் தரக்கட்டுப்பாட்டுல ரெகுலர்னா குறைஞ்சது ரோன் 89, ஹை ஆக்டேன்னா குறைஞ்சது 96. ரெகுலர்னு போட்டிருந்தா நம்ம 95 அதுக்குத் தேவைக்கு மேலயே இருக்கு, தாராளமா அடிக்கலாம். ஹை ஆக்டேன்னு இருந்தா 97 தான். வேன் பெருசா இருக்கு, வெல பெருசா இருக்கு, அதனால 97 அடிக்கணும்னு இல்ல, அந்த எழுத்து என்ன சொல்லுதோ அதுதான்.

யூடியூப் பாக்கிறவங்களும் ஒண்ணக் கவனிக்கணும். அமெரிக்காக்காரங்க 87 ரெகுலர், 91 பிரீமியம்னு பேசுவாங்க, அந்த நம்பர் வேற கணக்கு. அவங்க ரோனயும் மோன்னு இன்னொரு டெஸ்ட் நம்பரயும் கூட்டி ரெண்டால வகுத்து போடுறாங்க. அங்க 87ங்கிறது நம்ம கணக்குல ஏறக்குறைய ரோன் 91, 92. அங்க 91 பிரீமியம்ங்கிறது ஏறக்குறைய நம்ம 95, 96. அதாவது அந்த ஊர்ல காசு கூடக் கொடுத்து அடிக்கிற பிரீமியம் கிட்டத்தட்ட நம்ம மஞ்சள் பிடியில வர்ற எண்ணெதான். இது தெரியாம அமெரிக்கா வீடியோவப் பாத்துட்டு, என் காடிக்கு பிரீமியம் வேணுமாம்னு 97க்கு ஓடுறவங்க இருக்காங்க.

டர்போ காடிக்கு 97 கட்டாயம்னு ஒரு பேச்சு உண்டு. டர்போ காத்த அமுக்கி உள்ள தள்ளுறதால நாக்கிங் வர வாய்ப்பு கூடுதல், அது உண்மைதான். ஆனா இப்ப வர்ற பல டர்போ எஞ்சினு 95க்குன்னே டியூன் பண்ணி வருது, அதனால மறுபடியும் கையேடுதான். கம்ப்ரெஷன் ரேஷியோ கூடுனா 97 தான்னு சொல்றதும் அப்படித்தான், மாஸ்டாவோட ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் எஞ்சின எடுத்துக்கோங்க, 14க்கு 1 வரைக்கும் கம்ப்ரெஷன் போகுது, ஆனாலும் ஐரோப்பாவுல ரோன் 95லயே ஓடுது, ஏன்னா எண்ணெய நேரா சிலிண்டருக்குள்ள பீச்சி குளிர வைக்கிறது, எக்ஸாஸ்ட் பைப்போட வடிவம்னு வேற வழியில நாக்கிங்க அடக்கியிருக்காங்க. நம்பர மட்டும் வச்சு நம்மளா ஊகிக்க முடியாது, எஞ்சினச் செஞ்சவன்தான் சொல்லணும்.

இப்ப பழைய காடி. தோட்டத்துப் பக்கம் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கிற கார்புரேட்டர் சாகா, பழைய காஞ்சில் இதுலெல்லாம் நாக் சென்சர் கெடையாது, தானா சரி பண்ணிக்காது, அதனால நாக்கிங் வந்தா வந்துக்கிட்டே இருக்கும். ஆனா இந்த நாட்டுல 2009 செப்டம்பர் வரைக்கும் ரோன் 92 வித்துக்கிட்டு இருந்தாங்க, அதுக்குப் பதிலாத்தான் 95 வந்துச்சு, 92லயே ஓடுன பழைய காடிங்க எத்தனையோ இருக்கு. அப்படி ஓடுன காடி இன்னிக்கு 95ல கத்துதுன்னா கொறை எண்ணெயில இல்ல, எஞ்சின்ல. டிஸ்ட்ரிபியூட்டர் நகர்ந்து டைமிங், அதாவது பிளக் நெருப்பு விடுற நேரம், முன்னால போயிருக்கும், உள்ள கரி பிடிச்சு அழுத்தம் கூடியிருக்கும், ரேடியேட்டர் அடைச்சு எஞ்சின் சூடாகும், இல்ல தப்பான பிளக்கு மாட்டியிருப்பாங்க. நல்ல ஃபோர்மென் (மெக்கானிக்) ஒருத்தரு டைமிங் லைட்ட வச்சு கொஞ்ச நேரத்துல டைமிங்க சரி பண்ணிக் கொடுத்துருவாரு. 97 ஊத்துனா சத்தம் கொறையும்தான், ஆனா நோவு உள்ளயே இருக்கும், நீங்க ஒவ்வொரு டேங்குக்கும் காசு கட்டி அத மறைச்சுக்கிட்டு இருப்பீங்க. புது காடிக்கும் இதே பேச்சுதான், இத்தனை நாளா 95ல நல்லா ஓடுனது திடீர்னு கத்த ஆரம்பிச்சா முதல்ல வொர்க்‌ஷாப், பெறகுதான் எண்ணெ மாத்துற யோசனை.

நாக்கிங் சத்தம் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். நம்ம தாப்பாவுல இருந்து கேமரன் மலைக்கு ஏறுற ரோடு இருக்கே, அத விட நல்ல டெஸ்ட் எடம் கெடையாது. காடி நெறைய ஆளு, பின்னால சாமான், ஏர்கோன் போட்டாச்சு, மத்தியான வெயிலு, லாத்தா இஸ்கந்தாருக்கு முன்னால வர்ற வளைவுகள்ல கியர் மேல இருக்கிறப்பவே பெடல மிதிச்சீங்கன்னா, எஞ்சின் சுத்து கம்மி பாரம் அதிகம், அப்பதான் வரும். ரேடியோவ அடைச்சு கண்ணாடிய எறக்கிட்டுக் கேளுங்க. டிர்ர்ர்னு இல்ல கிணுகிணுன்னு உலோகச் சத்தம், பெடல மிதிக்கிறப்ப மட்டும் வரும், கால எடுத்தா உடனே நின்னுரும். பெடலோட சேர்ந்து வந்து சேர்ந்து போறதுதான் அடையாளம், கால எடுத்த பெறகும் தொடர்ந்து வந்தா அது வேற சத்தம், தகரமோ போல்ட்டோ லூசா இருக்கும். கியர ஒண்ணு கொறைச்சுப் பாருங்க, சத்தம் போச்சுன்னா அது நாக்கிங்தான். ரிங்லெட் தாண்டி மேல போகப் போக காத்து லேசாகும், குளிரும், டர்போ இல்லாத எஞ்சினுக்கு நாக்கிங் இன்னும் கொறையும், அதனால அடிவாரத்துல கேக்கலன்னா மேலயும் பயம் இல்ல. எப்பவாவது லேசா ஒரு தடவ கேட்டா பதற வேணாம், ஒவ்வொரு ஏத்தத்துலயும் கேட்டா விட்டுறாதீங்க.

காசு கணக்குக்கு வருவோம், இங்கதான் எனக்குப் பேச நிறைய இருக்கு. 97 2010 ஜூலையில இருந்து சந்தை வெலைக்கு விட்டாச்சு, இப்ப புதன்கிழமை வெல சொல்லி வியாழக்கிழமையில இருந்து அமலாகுது. 95க்கு 2025 செப்டம்பர் கடைசியில புடி 95ங்கிற அரசாங்க உதவித்தொகைத் திட்டம் வந்துச்சு, மைகாடும் (அடையாள அட்டை) செல்லுபடியாகுற லைசன்ஸும் இருக்கிற குடிமக்களுக்கு ஒரு லிட்டர் 1 வெள்ளி (ரிங்கிட்) 99 சென், ஆரம்பிச்சப்ப மாசத்துக்கு 300 லிட்டர். வெலயும் கோட்டாவும் அரசாங்கம் மாத்தக்கூடியது, அதனால அடிக்கிற வாரத்துல என்னன்னு பாத்துக்கோங்க. உதாரணத்துக்கு 97 ஒரு லிட்டர் 3 வெள்ளி 20 சென்னு வச்சுக்குவோம், 95 உதவித்தொகையோட 1.99. வித்தியாசம் 1 வெள்ளி 21 சென். இப்ப வர்ற மைவி டேங்க் 36 லிட்டர், 35 லிட்டர் அடிச்சாலே 42 வெள்ளி சொச்சம் கூடப் போகுது. மாசத்துக்கு ரெண்டு தடவ அடிச்சா 84 வெள்ளிக்கு மேல. அந்தக் காச அந்தந்த மாசம் எடுத்து வைங்க, எஞ்சின் எண்ணெய நேரத்துக்கு மாத்தலாம், ஏர் ஃபில்டர் மாத்தலாம். நம்ம ரோட்டுக்கு ஏர் ஃபில்டர்தான் முக்கியம், செம்பனை லோரி போன பெறகு எழும்புற செம்மண் தூசி முழுக்க அதுலதான் போய் உக்காருது, ஒரு தடவ கழட்டி வெளிச்சத்துல காட்டிப் பாருங்க, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியலன்னா காடி எப்படி மூச்சு விடும்?

97 அடிச்சா மைலேஜ் கூடுது, அதனால கணக்கு சரியாப் போகுதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. மேல சொன்ன வெலயில 97 ஏறக்குறைய 60 சதவீதம் கூட, அப்ப மைலேஜும் 60 சதவீதம் கூடுனாத்தான் சமமாகும். 95க்குச் செஞ்ச எந்த எஞ்சினும் அப்படிக் கொடுக்காது. நம்பிக்கை வரலன்னா நீங்களே பாருங்க, ஒரே ஸ்டேஷன், ஒரே பம்பு, பிடி டக்குன்னு தானா நிக்கிற வரைக்கும் அடிச்சு டிரிப் மீட்டர பூஜ்யமாக்கி, வழக்கமா போற பாதையிலயே ஓட்டி, மறுபடி அதே பம்புல அடிக்கிறப்ப எத்தன லிட்டர் போச்சு எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னு எழுதி வைங்க. ஒவ்வொரு எண்ணெயிலயும் ஒரு டேங்க் பத்தாது, ரெண்டு மூணு டேங்க் ஓட்டணும், ஏன்னா முதல் டேங்குல பழைய எண்ணெ கலந்திருக்கும், ஈசியூவும் பழகணும். வெள்ளிய கிலோமீட்டரால வகுத்துப் பாருங்க, அந்த நம்பர்தான் பேசணும்.

இதுல ஒரு வேதனையான விஷயம். இங்கயே பொறந்து இங்கயே பால் மரம் வெட்டி வயசாகியும் இன்னும் குடியுரிமை கெடைக்காம சிவப்பு ஐசி வச்சிருக்கிற பெரியவங்க நம்ம தோட்டங்கள்ல இருக்காங்க, புடி 95 குடிமக்களுக்குத்தான்ங்கிறதால அவங்களுக்கு அந்த வெல கெடையாது. உதவித்தொகை இல்லாத 95 வெலயத்தான் கொடுக்கணும். அப்பவும் 95 தான் 97 விட கொறைவு, அதனால அவங்களுக்கும் காடி கேக்காத 97 வேணாம். குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தும் லைசன்ஸ் காலாவதியாகிப் போனவங்க தோட்டத்துல நிறைய, அவங்க லைசன்ஸ முதல்ல புதுப்பிச்சுடுங்க, ரெண்டு டேங்க் எண்ணெயிலயே அந்தக் காசு திரும்பி வந்துரும்.

அப்புறம் எஞ்சினச் சுத்தம் பண்றதுக்காக மாசம் ஒரு தடவ 97ன்னு சொல்றது. ஆக்டேனுக்கும் சுத்தம் பண்றதுக்கும் சம்பந்தம் இல்ல, கழுவுறது அதுல கலக்குற டிடர்ஜென்ட் மருந்து. அது பெட்ரோனாஸ் பிரைமாக்ஸ் 95, ஷெல் 95, கால்டெக்ஸ் டெக்ரான், பெட்ரோன், பிஎச்பி எல்லாருடைய 95லயும் இருக்கு, சில கம்பெனி அவங்க 97ல மருந்து கூடப் போடுறோம்னு சொல்றாங்க, அது வேற விஷயம். உங்க காடி டைரக்ட் இன்ஜெக்‌ஷன்னா எண்ணெ நேரா சிலிண்டருக்குள்ள போயிருது, இன்டேக் வால்வு மேல படவே படாது, அதனால எந்த எண்ணெயாலயும் அந்த வால்வு கரி போகாது, வொர்க்‌ஷாப்புலதான் கழட்டிக் கழுவணும். கடையில விக்கிற ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்ல நிறைய பாயிண்ட் ஏறும்னு போட்டிருப்பான், அதுல பெரும்பாலும் 10 பாயிண்ட்ங்கிறது 1 ஆக்டேன்தான், வெலயப் பாத்தா பேசாம 97 அடிக்கிறதே லாபம்.

ரெண்டையும் கலந்துட்டா ஒண்ணும் ஆகாது, பாதி 95 பாதி 97ன்னா ஏறக்குறைய 96, அவ்வளவுதான், டேங்க காலி பண்ண வேண்டியதில்ல. 95 காடிக்கு 97 அடிச்சாலும் கெடுதல் இல்ல, காசுதான். 97 கட்டாயமான காடிக்கு வழியில 95 தவிர வேற கெடைக்கலன்னா அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போற அளவுக்குக் கொஞ்சமா அடிச்சுக்கிட்டு, பெடல மெதுவா மிதிச்சு, ஏத்தத்துல கியர் கொறைச்சு ஓட்டுங்க, பெறகு 97 நெறைச்சுக்கோங்க.

தீபாவளிக்கு சிங்கப்பூர்ல இருந்து சொந்தக்காரங்க அவங்க காடியில வந்தா முன்னாலயே சொல்லி வைங்க, வெளிநாட்டு பிளேட் காடிக்கு 95 அடிக்க 2010 ஆகஸ்ட்ல இருந்தே தடை, அவங்க காடிக்கு எது போதும்னாலும் இங்க 97 தான் அடிக்கணும். உங்க மைகாட கொடுத்து அடிச்சுக் கொடுக்கிறேன்னு பாசத்துல இறங்கிடாதீங்க. மோட்டார் பைக் வச்சிருக்கிற தம்பிங்களுக்கும் இதேதான், ஈஎக்ஸ்5க்கு 95 தாராளம், ஒய்15, ஆர்எஸ்150 வச்சிருக்கிறவங்களும் கையேட்டத் தொறந்து எண்ணெ வரியப் பாத்துட்டு அடிங்க. பிளாக்கு, ஈசியூ மாத்தி கம்ப்ரெஷன் ஏத்துன வண்டின்னா அந்தக் கையேடு இனி செல்லாது, அத டியூன் பண்ணுன ஃபோர்மென்கிட்ட எந்த எண்ணெய வச்சு டியூன் பண்ணீங்க அண்ணேன்னு கேட்டு, அவரு சொல்ற நம்பர டேங்க் மூடிக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிருங்க, வண்டி கை மாறுனா அடுத்த ஆளுக்கும் தெரியும்.